ஒன்பதாம் நம்பர் பரண்

மஸ்க்ராட் ஏரி முகாம், மெய்ன்
9 ஜூன் 1991

ஜிஸேல் அக்காவுக்கு,

கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும். காரியம் இருப்பதால் எழுதுகிறேன். சுற்றி வளைக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை அப்பாவை நீ வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தே வாரம். கரடி வேட்டை சீசன் முடிந்த மறுநாள் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

போன கிறிஸ்துமஸில் நீ பார்த்த அப்பா இல்லை இவர். என்னை ஒரு நாள் அவருடைய தம்பி என்கிறார், மறுநாள் முப்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஏப்ரலில் அடுப்பில் தன் தொப்பியை வைத்து வறுத்தார். மே மாதம் பனி உருகின ஏரிக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு, என்றோ போய்ச் சேர்ந்த அம்மா அக்கரையில் இருந்து கூப்பிடுவதாகச் சொன்னார். பெண்டாட்டி என்று இருந்த டோரினும் என்னை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே நான் ஒருத்தன்தான். சமையலும் நான், படகும் நான், பன்னிரண்டு இடத்தில் இரை வைப்பதும் நான். வாரத்துக்கு ஆறு பேர் வேட்டைக்கு வருகிறார்கள். ஒவ்வொருத்தனையும் மதியம் மரத்துப் பரணில் ஏற்றி, இருட்டினதும் போய் இறக்கவேண்டும். அந்த நேரத்தில் கிழவரை யாரிடம் விடுவேன்?

நீ முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாய். அடுத்தவன் அப்பனுக்கெல்லாம் துடைத்துவிடுகிறாய். நம் அப்பாவுக்கு ஐந்து வாரம் செய்.

நார்மண்ட்


வாட்டர்பரி, கனெக்டிகட்
20 ஜூன் 1991

நார்மண்ட்,

முடியாது.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இந்த ஒரு வார்த்தையோடு தபாலில் போட்டிருப்பேன். ஆனால் அடுத்தவன் அப்பன் என்று நீ எழுதினாயே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆமாம், துடைத்துவிடுகிறேன். அந்தக் கிழவர்கள் யாரும் என் தலைமுடியைப் பிடித்து இழுத்ததில்லை. பன்னிரண்டு வயதில் பன்றிக் கொழுப்பு வாளியை என் முதுகில் கட்டிக் காட்டுக்குள் நடக்க வைத்ததில்லை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கரடிச் சோறு வந்தாச்சுடா" என்பார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் கரடியை இழுக்க இரையில் தெளிக்கிற அந்தச் சோம்பெண்ணெய் வாடை கழுத்தைவிட்டுப் போகாது. நீ பையன். உன்னைப் படகில் உட்காரவைத்து மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

என் வீடு இரண்டு அறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இது காரணம் இல்லை, உனக்குச் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று தருகிறேன். காரணம் எனக்கு அவரைப் பிடிக்காது என்பதுதான்.

முகாம் உனக்கு வந்தது. அதில் இருக்கிற கிழவரும் உனக்குத்தான்.

ஜிஸேல்


மஸ்க்ராட் ஏரி
11 ஆகஸ்ட் 1991

அக்கா,

உன் கடிதம் வந்தபோது அதை அப்பாவுக்கே படித்துக் காட்டினேன். கோபத்தில்தான். கடைசிவரை கேட்டுவிட்டு, "யாருடா அந்தப் பொம்பள? நல்லா எழுதறாளே!" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. நீ படித்தும் சிரி.

உன் உதவி இனி வேண்டாம். வழி கிடைத்துவிட்டது.

ஜூலை கடைசியில் இரை போட ஆரம்பித்தேன். வீட்டில் விட்டால் கொளுத்திவிடுவார் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டேன். முதல் இடத்தில் வண்டி நின்றதும் மனிதர் மாறிவிட்டார், அக்கா. வாளியை என் கையிலிருந்து பிடுங்கினார். பழைய டோனட்டுகளைப் பீப்பாய்க்குள் கொட்டி, மேலே சர்க்கரைப் பாகை ஊற்றி, பொரித்த எண்ணெயைத் தரையில் வட்டமாகச் சிந்தினார். "கால்ல மிதிச்சிட்டுப் போவான்டா. போற வழியெல்லாம் மணக்கும். அதப் புடிச்சிட்டு அடுத்தவன் வருவான்," என்றார். தகர டப்பாவில் தேனைக் கருக வைத்துப் புகையைக் காற்றில் விட்டார். பிறகு கல்லை எடுத்துப் பீப்பாயை மூன்று தட்டுத் தட்டினார், சாப்பாட்டு மணி மாதிரி. என் பெயர் தெரியாத ஆளுக்கு இது ஒன்றும் மறக்கவில்லை.

ஒன்பதாம் நம்பர் இடம் உனக்கு நினைவிருக்கும், தேவதாரு மேட்டுக்குப் பின்னால். அங்கே ஒரு பெரிய கடுவன் கரடி வருகிறான். பீப்பாயின் நடு வளையம் அவன் முதுகுக்குக் கீழே நிற்கிறது. அந்த இடத்துப் பரண் பழசு என்பதால் வேட்டைக்காரர்களை அங்கே உட்கார வைப்பதில்லை. அப்பா தானாக ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. நான் மற்ற இடங்களை முடித்துவிட்டு வந்தபோது சாமியார் மாதிரி இருந்தார்.

சீசன் முழுக்க இப்படித்தான் செய்யப்போகிறேன். மதியம் வேட்டைக்காரர்களை ஏற்றும்போது அவரையும் ஏற்றிவிடுவேன். மடியில் குண்டில்லாத துப்பாக்கி, பையில் இரண்டு டோனட். இருட்டினதும் எல்லாரையும் இறக்கும்போது அவரையும் இறக்கிக் கூட்டி வருவேன்.

நார்மண்ட்


வாட்டர்பரி
19 ஆகஸ்ட் 1991

நார்மண்ட்,

எண்பத்தோரு வயது ஆளைப் பன்னிரண்டு அடி உயரத்தில் உட்கார வைத்துவிட்டு வழி கிடைத்துவிட்டது என்கிறாய். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவரை நாற்காலியில் கட்டிவைத்தாலே எங்களைக் கேள்வி கேட்பார்கள்.

இதைத் தடுக்கச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். பையில் டோனட் கொடுக்காதே. கரடி வருகிற இடத்தில் ஒரு மனிதனுக்கு இரையின் வாடை அடிக்கக்கூடாது என்று அவர்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மழைக்கோட்டு போட்டு அனுப்பு.

ஜிஸேல்


மஸ்க்ராட் ஏரி
1 செப்டம்பர் 1991

அக்கா,

முதல் வாரம் முடிந்தது. ஆறு பேர், ஐந்து கரடி. நியூஜெர்சி பல் டாக்டர் குரோசெட்டி மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறான். இன்னும் இரண்டு வாரம் தங்கப்போகிறானாம். சாப்பாட்டு மேஜையில் அவன் பேச்சைக் கேட்டால் கரடியே காதைப் பொத்திக்கொள்ளும்.

அப்பா விஷயத்தில்தான் ஒரு சிக்கல். இறங்கிவிடுகிறார். செவ்வாய்க்கிழமை நான் போனபோது பீப்பாய் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு டோனட் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். தாடியெல்லாம் பாகு. பத்தடி தள்ளி ஈரமண்ணில் கடுவனின் தடம், அப்போதுதான் பதிந்தது. "அவன் சாப்ட்டுட்டுப் போனான், இப்ப என் முறை," என்கிறார். வியாழக்கிழமை காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தார். நான் திட்டினால் சிரிக்கிறார். ஒரு அடிகூட வைத்தேன், சொல்லிவிடுகிறேன். அதற்கும் சிரித்தார்.

அவர் கேட்கிற குரல் ஒன்றுதான், அம்மாவுடையது. உன் குரல் அம்மா குரல் என்று ஊரே சொல்லும். வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு அவரைச் சோசியே கடைக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே போன் இருக்கிறது. நீ கூப்பிட்டு, பரணைவிட்டு இறங்கக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல். அது போதும். பஸ் ஏறி வரச் சொல்லவில்லையே.

நார்மண்ட்


வாட்டர்பரி
6 செப்டம்பர் 1991

நார்மண்ட்,

நேற்று நீ கடை வாசலில் சோசியேவோடு பேசிக்கொண்டிருந்தது போனில் கேட்டது. உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது.

"அல்மாவா?" என்று அம்மா பெயரைச் சொன்னார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஆமாம் என்றேன். உடனே அழ ஆரம்பித்தார். நம் அப்பா அழுது நான் கேட்டதே இல்லை. "எங்க போயிட்ட? எப்ப வருவ? இந்தப் பய என்னை மரத்துல ஏத்தி விட்டுட்டுப் போயிடறான், அல்மா. வண்டிச் சத்தம் போறப்ப எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரக்கம் வரவில்லை. 1953 நினைவுக்கு வந்தது. குட்டியோடு வந்த பெண் கரடியைச் சுடமாட்டேன் என்றதற்காக என்னைப் பரணிலேயே விட்டுவிட்டு வந்தாரே, அது. எனக்கு அப்போது பதினாலு வயது. "எறங்கின, வீட்டுக் கதவு தொறக்காது," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில்தான் வந்தார். நீ அப்போது சின்னவன், உனக்குத் தெரிந்திருக்காது. அம்மா அன்று ஒன்றும் பேசாமல் எனக்கு ப்ளோய் அப்பம் சுட்டுப் போட்டாள்.

அதே வார்த்தையை அவரிடம் சொன்னேன். அம்மா குரலில். "அவன் வந்து கூப்பிடற வரைக்கும் எறங்கக் கூடாது. எறங்கின, வீட்டுக் கதவு தொறக்காது. நானும் வரமாட்டேன்." பிறகு, "சரி அல்மா. எறங்கல," என்றார்.

நன்றாக இருந்தது, நார்மண்ட். நாள் முழுக்க வேலையில் லேசாக இருந்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஜிஸேல்


மஸ்க்ராட் ஏரி
12 செப்டம்பர் 1991

அக்கா,

இது உன் கைக்கு வருமுன் சோசியே உனக்குப் போன் செய்திருப்பான். இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும் என்று தோன்றியது.

இன்று விடியற்காலை அப்பா போய்விட்டார். படுக்கையில், தூக்கத்தில். டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார். அவஸ்தைப்படவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அடக்கம். வந்தால் வா.

உன் போனுக்குப் பிறகு அவர் ஒரு நாள்கூட இறங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நார்மண்ட்


வாட்டர்பரி
22 செப்டம்பர் 1991

நார்மண்ட்,

அடக்கத்தில் நான் அழவில்லை என்று சித்தி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். நீயும் அழவில்லை. நீ என் முகத்தையே பார்க்கவில்லை. சவப்பெட்டி பக்கத்தில் நின்றபோது உன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பெட்டியை மூடும் முன் அவர் கையைப் பிடித்தேன். பாசத்தினால் இல்லை, பழக்கத்தினால். இருபது வருஷமாகச் செத்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கையில் பிசின் ஒட்டியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் தேவதாருப் பிசின் போகாது, எனக்கு நன்றாகத் தெரியும். நகத்துக்கடியில் மரப்பட்டைத் துணுக்கு. ஐந்து விரலிலும்.

படுக்கையில் தூங்கிக்கொண்டே செத்த மனிதர் எந்த மரத்தைப் பிராண்டினார்?

ஜிஸேல்


மஸ்க்ராட் ஏரி
30 செப்டம்பர் 1991

அக்கா,

முந்தின நாள் பரணில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒட்டினது. நான் தினமும் அவரைக் குளிப்பாட்டி நகம் வெட்டவில்லை. அதற்குத்தான் உன்னிடம் அனுப்புகிறேன் என்றேன், நீ வேண்டாம் என்றாய்.

செத்தவரை விடு.

நார்மண்ட்


வாட்டர்பரி
8 அக்டோபர் 1991

நார்மண்ட்,

சின்ன வயதில் பொய் சொல்லும்போது நீ சண்டைக்கு வருவாய். இன்னும் அப்படியே இருக்கிறாய்.

அவருடைய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையை நான் நினைவாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். காணவில்லை என்றாய். நான் கிளம்பும் காலையில் குப்பை எரிக்கிற தகரப்பீப்பாயைப் பார்த்தேன். பாதி எரிந்து கிடந்தது. வலது பக்கப் பை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அது எரிந்து போன ஓரம் இல்லை, கிழிந்த ஓரம்.

நான் போலீஸ் இல்லை. எழுது. எழுதாவிட்டால் அந்த டாக்டருக்கு எழுதுவேன், பிறகு ஷெரிஃபுக்கு. உனக்கு இரண்டு வாரம்.

ஜிஸேல்


மஸ்க்ராட் ஏரி
20 அக்டோபர் 1991

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

பதினோராம் தேதி, புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு அப்பாவை ஒன்பதில் ஏற்றினேன். உன் போனுக்குப் பிறகு இடுப்பில் ஒரு வாரும் கட்டினேன், தூங்கி விழுந்துவிடாமல் இருக்க. கொக்கி முன்பக்கம்தான், அவரே கழற்றலாம். பீப்பாயைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வண்டி போகிற சத்தம்தான் கரடிக்கு அழைப்பு, மனிதன் போய்விட்டான் என்று அதற்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை.

ஐந்தரைக்கு நான்காம் நம்பரில் குரோசெட்டி சுட்டான். வயிற்றில் சுட்டுவிட்டான், மடையன். கரடி சதுப்புக்குள் ஓடிவிட்டது. நானும் அவனும் இன்னும் இரண்டு பேரும் ரத்தத்தைத் தேடிக்கொண்டு போனோம். மழை பிடித்தது. ரத்தம் கழுவிப்போய்விட்டது. இருட்டினதும் விட்டுவிட்டுத் திரும்பினோம். மிச்ச மூன்று பேரையும் பரணிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றினேன். ஒன்பதாம் நம்பர் எதிர்ப்பக்கம் பதினோரு மைல். இவர்களை முகாமில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அதுவரை நான் மறக்கவில்லை, அக்கா. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் நான்கு தடவை முயன்றேன்.

உள்ளே வந்தேன். காப்பி வைத்தேன். எல்லாரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள், சூப்பைச் சூடாக்கினேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் உட்காரலாம் என்று அடுப்புப் பக்கம் உட்கார்ந்தேன். அப்போது குரோசெட்டி கேட்டான், "பெரியவர் எங்கப்பா? இன்னிக்குக் காணோமே."

"தூங்கறாரு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மழையில் ஒரு கிழவரை மரத்தில் விட்டு வந்திருக்கிறேன் என்று அந்த ஆளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்ன பிறகு எழுந்து போக முடியவில்லை. போனால் எங்கே என்று கேட்பார்கள். கூட்டி வந்தால் ஆறு பேரும் பார்ப்பார்கள். அவர்கள் படுக்கட்டும், பிறகு போகிறேன் என்று நினைத்தேன். அவர்கள் படுத்தார்கள். நான் சாவியை மேஜையில் வைத்தேன். அவருடைய தட்டு கழுவாமல் அங்கேயே இருந்தது. பிறகு நானும் போய்ப் படுத்தேன்.

நன்றாகத் தூங்கினேன். அந்தக் கோடையில் முதல் தடவையாக. நடுவில் யாரும் கதவைத் தட்டவில்லை, அடுப்பைத் தொடவில்லை, அல்மா என்று கத்தவில்லை.

விடிந்ததும் போனேன். மழை நின்றிருந்தது. பீப்பாய் காலி. பரணில் உட்கார்ந்தபடியே இருந்தார், மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு. அந்த விரல்களைப் பிரிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. ஏணியின் இரண்டு பக்கமும் நகக்கீறல், கால் வைக்கிற பலகைவரை. கடுவன் மேலே ஏறியிருக்கிறான். சட்டைப் பை கிழிந்திருந்தது, டோனட் இல்லை. மற்றபடி ஒரு கீறல்கூட இல்லை. அவன் ஏறியபோது அப்பா உயிரோடு இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நீயும் கேட்காதே.

இன்னொன்று. வாரின் கொக்கி கழன்றிருந்தது. அவரே கழற்றியிருக்கிறார், அக்கா. ஏணி காலடியில் இருந்தது. அரை மைல் நடந்தால் பாதை. மரம் வெட்டுகிறவர்களின் வண்டிகள் அதில் விடியவிடிய ஓடும். ஆனால் இறங்கவில்லை. யார் பேச்சைக் கேட்டு இறங்கவில்லை என்று உனக்குத் தெரியும். நன்றாக இருந்தது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து துவட்டி, உடை மாற்றிப் படுக்கையில் கிடத்தினேன். மதியம்தானே வேட்டை, அவர்கள் பத்து மணிவரை எழுந்திருக்க மாட்டார்கள். பிறகுதான் டாக்டரைக் கூட்டி வந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லி என்ன பயன்? அன்று மதியமே குரோசெட்டியை ஒன்பதாம் நம்பரில் ஏற்றினேன். "துக்க வீடாச்சே, இன்னிக்கு வேண்டாமேப்பா," என்று அவன்தான் சொன்னான். நான்தான் ஏற்றினேன். அந்தக் கடுவன் சாகவேண்டும் என்று இருந்தது. ஆறு மணிக்குள் செத்தான். நானூற்றுப் பத்து பவுண்டு. குடலை உருவும்போது வயிற்றைக் கீறிப் பார்த்தேன். டோனட் கூழுக்கு நடுவில் சிவப்புக் கட்டத் துணி, உள்ளங்கை அளவு, பொத்தானோடு. குரோசெட்டி எட்டிப் பார்த்து, "என்னப்பா அது?" என்றான். "கண்டதையும் திங்கும் சார்," என்றேன். சிரித்தான். கரடியோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரும் சிரிக்கிற படம். நேற்று தபாலில் வந்தது.

இந்தக் கடிதத்தை ஷெரிஃபிடம் கொடு. கொடுத்துவிட்டால் எனக்கும் நிம்மதி.

நார்மண்ட்


வாட்டர்பரி
3 நவம்பர் 1991

நார்மண்ட்,

உன் கடிதம் வந்த அன்று எனக்குப் பகல் முறை வேலை. மதிய இடைவேளையில் துணி துவைக்கிற அறையில் நின்று படித்தேன். படித்துவிட்டு மேலே போய் எட்டுப் பேருக்குச் சாப்பாடு ஊட்டினேன். மாலையில் பன்னிரண்டாம் அறைக் கிழவர், "எறங்கட்டுமாம்மா?" என்று கேட்டார். தினமும் கேட்பார், கட்டிலைவிட்டு இறங்குவதற்கு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன்னைத் திட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப்போட்டேன். திட்டவேண்டியவள் யோக்கியமாக இருக்கவேண்டும். மழைக்கோட்டு போட்டு அனுப்பு என்று எழுதியவள் நான். போட்டு அனுப்பினாயா என்று கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஷெரிஃபிடம் கொடு என்கிறாய். உனக்கு அது சௌகரியம். யாரோ ஒருத்தன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவான், வக்கீல் பேசுவான், வருஷக் கணக்குச் சொல்வார்கள், ஒரு நாள் அது முடியும். ஊரில் உன்னைப் பாவம் என்றுகூடச் சொல்வார்கள். என் கடிதத்தைப் படித்துப் பார்த்து என்னை எதில் சேர்ப்பார்கள்? போனில் ஒரு வார்த்தை சொன்னதற்கு இந்த நாட்டில் சட்டம் கிடையாது. நீ உள்ளே போய்விட்டால் நான் மட்டும் வெளியே இருக்கவேண்டும்.

அதனால் கொடுக்கப் போவதில்லை.

வேலையை விட்டுவிட்டேன். வீட்டைக் காலி செய்கிறேன். முகாமுக்கு வந்து அப்பாவின் அறையில் இருக்கப்போகிறேன். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். இரை வாளியும் தூக்குவேன், மறக்கவில்லை. வேட்டைக்கு வருகிறவர்கள் முன்னால் நாம் சாதாரணமாகப் பேசுவோம். அவர்கள் போன பிறகு பேசவேண்டியதில்லை. தினமும் காலையில் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் உன் முகத்தைப் பார்ப்பேன்.

குரோசெட்டி அனுப்பின படத்தைக் கிழித்துவிடாதே. சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் மாட்டு.

ஜிஸேல்


மஸ்க்ராட் ஏரி
9 நவம்பர் 1991

அக்கா,

வராதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே பனி விழுந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் உறைகிறது. அந்த அறையின் கூரை ஒழுகுகிறது. இதெல்லாம் காரணம் இல்லை என்று நீ சொல்வாய். காரணத்தையே சொல்கிறேன். நீ பேசினால் அது அம்மா குரல். அடுத்த அறையில் இருந்து அந்தக் குரல் வந்தால் என்னால் இருக்க முடியாது.

முகாமை உன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு நான் போய்விடுகிறேன். கனடாப் பக்கம் மரம் வெட்டும் வேலை இருக்கிறது. இல்லையென்றால் நானே ஷெரிஃபிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். நீ சம்பந்தப்படவே வேண்டாம், உன் கடிதத்தை எரித்துவிடுகிறேன். எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். இதை மட்டும் செய்யாதே.

நீ என் அக்கா. சின்ன வயதில் பன்றிக் கொழுப்பு வாளியைச் சுமந்த அதே முதுகில் என்னையும் சுமந்திருக்கிறாய். அதற்காகவாவது.

நார்மண்ட்


வாட்டர்பரி
14 நவம்பர் 1991

நார்மண்ட்,

கனடாவுக்குப் போனால் நான் எழுதுகிற முதல் கடிதம் ஷெரிஃபுக்குத்தான். நீயே போய்ச் சொன்னால், அவர் கிழவர், தானே ஏறினார், தம்பி மறந்துவிட்டான் என்று நான் சாட்சி சொல்வேன். உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் வீட்டில் நான் இருப்பேன்.

இருபத்தோராம் தேதி, வியாழக்கிழமை. பாங்கரிலிருந்து வருகிற பஸ் நம் டவுனுக்கு மதியம் இரண்டு நாற்பதுக்கு வரும். வண்டியோடு வந்து நில். பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரேதான் ஷெரிஃப் அலுவலகம், உனக்குத் தெரியும். மூன்று மணிவரை இந்தப் பக்கம் நிற்பேன்.

இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன். பெரியது கனமாக இருக்கும், அதை நீ தூக்கு.

ஜிஸேல்